மனவெழுச்சிகளை எண்ணியவர்களும் துக்கத்தின் இடமும்

மனிதனுக்கு அடிப்படையான மனவெழுச்சிகள் எத்தனை? கேள்வி சின்னது, விடைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கிரேக்கத்து ஸ்டோயிக்வாதிகள் 4 என்றார்கள். 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் 11 என்றார். பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் 6 என்றார். அவருக்கு அடுத்து வந்த ஸ்பினோசாவுக்கு 3 போதுமாக இருந்தது. தொல்காப்பியம் 8 என்கிறது. அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் மறுபடியும் 6 என்றார். ஆனால் டேக்கார்ட்டின் ஆறும் எக்மனின் ஆறும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் நிரல் பிரித்து எழுதிப் பார்த்தேன். முதல் பார்வைக்கு, வேலையில்லாத தத்துவவாதிகளின் கணக்கு விளையாட்டுப் போலத்தான் தெரியும். எண்ணிக்கையில என்ன கிடக்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் நிரல்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு வாசித்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. கோபம் சில பட்டியல்களில் அடிப்படையாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பயமும் அப்படித்தான். வியப்பு வருகிறது, போகிறது. துக்கம் மட்டும் எந்தப் பட்டியலிலும் விடுபடவில்லை.

விடுபடவில்லை என்றாலும், அதற்குக் கொடுக்கப்பட்ட இடம் ஒன்றல்ல. ஒருவருக்கு அது பிழையான எண்ணம், இன்னொருவருக்கு நோய், மற்றொருவருக்கு ஆன்மாவின் இயல்பான அசைவு, வேறொருவருக்கு முகத்தின் தசைகள் காட்டும் வடிவம். எனவே நான் இங்கே முன்வைக்க விரும்புவது இதுதான்: மனவெழுச்சிகளை எண்ணியவர்கள் வெறுமனே எண்ணவில்லை. "இதை என்ன செய்வது?" என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பவே பட்டியல் போட்டார்கள். துக்கத்தின் பின்னால் நடந்து போனால் இது தெளிவாகத் தெரியும்.

ஸ்டோயிக் கட்டமும் சிசரோவின் மகளும்

கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரில் ஸீனோ தொடங்கிய சிந்தனைப் பள்ளியே ஸ்டோயிக் பள்ளி. அவர்களுடைய கணக்கு மிகவும் சுத்தமானது. நன்மை, தீமை என்று இரண்டு. இப்போது, இனிமேல் என்று இரண்டு. பெருக்கினால் நான்கு கட்டம். நன்மை என்று நாம் நினைப்பது கையில் இருந்தால் களிப்பு. இனி வரும் என்றால் ஆசை. தீமை என்று நினைப்பது வந்துவிட்டால் துக்கம். வரப்போகிறது என்றால் பயம். மற்றதெல்லாம் இந்த நான்கின் கிளைகள்.

இதில் "நினைப்பது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மனவெழுச்சி என்பது ஒரு தீர்ப்பு, அதுவும் தவறான தீர்ப்பு என்பது அவர்கள் கொள்கை. பொருளும் பதவியும் உறவும் உண்மையான நன்மைகள் அல்ல; ஒழுக்கம் ஒன்றே நன்மை. ஆகவே தீர்ப்பைத் திருத்தினால் மனவெழுச்சி தானாக ஓய்ந்துவிடும். ஞானிக்கு அவர்கள் மூன்று நல்ல உணர்வுகளை மட்டும் விட்டுவைத்தார்கள்: களிப்புக்குப் பதிலாக அமைதியான மகிழ்வு, ஆசைக்குப் பதிலாக நல்விருப்பம், பயத்துக்குப் பதிலாக எச்சரிக்கை. நான்காவது கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. துக்கத்துக்கு நல்ல வடிவம் என்று ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை.

இந்த வெறும் கட்டத்துக்கு முன்னால் வந்து நின்றவர் ரோமாபுரியின் சிசரோ. கி.மு. 45ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மகள் துல்லியா பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்துபோனாள். அவர் கடலோரத்து அஸ்துராவில் இருந்த வீட்டுக்கு ஒதுங்கிப்போய், நண்பர் அத்திக்கஸுக்கு நாளாந்தம் என்று சொல்லக்கூடிய அளவுக்குக் கடிதம் எழுதினார். பகலெல்லாம் வாசித்தும் எழுதியும் பார்க்கிறார், அழுகை நிற்கவில்லை. மகளுக்கு ஒரு நினைவாலயம் கட்ட இடம் தேடுகிறார். அதே ஆண்டிலேயே 'துஸ்குலன் உரையாடல்கள்' என்ற நூலையும் எழுதினார். ஸ்டோயிக் கணக்கு நமக்கு விரிவாகக் கிடைக்கும் மூலங்களில் அது முக்கியமானது. அதன் மூன்றாம் பாகம் முழுவதும் துக்கம். மற்ற மூன்று மனவெழுச்சிகளுக்கும் சேர்த்து நான்காம் பாகம். கட்டங்கள் நான்கும் சமம் என்று கொள்கை சொல்கிறது. நூலின் அமைப்போ அப்படிச் சொல்லவில்லை.

பக்தாத்தின் கடிதம், பல்கின் வைத்தியம்

வழமையான உளவியல் வரலாறுகள் இங்கிருந்து ஒரே பாய்ச்சலில் டேக்கார்ட்டுக்குப் போய்விடும். இடையில் ஏறத்தாழ 1700 வருஷம். அந்த இடைவெளிக்குள்தான் பக்தாத் இருக்கிறது.

அரபுகளின் தத்துவஞானி என்று பெயர் பெற்ற அல்-கிந்தி கி.பி. 870 அளவில் காலமானவர். துக்கங்களைப் போக்கும் உபாயம் பற்றி அவர் எழுதிய சிறு நூல் ஒரு நண்பருக்கான பதிலாக அமைந்தது. அவருடைய வரைவிலக்கணம் சுருக்கமானது: பிரியமானதை இழப்பதாலோ, தேடியது கிடைக்காமல் போவதாலோ மனதுக்கு வரும் வலியே துக்கம். அழியும் பொருட்களில் மனதை வைத்தவன் இழந்தே தீருவான். ஆகவே அழியாததில் மனதை வை என்பது அவர் வாதம். பிரயாணக் கப்பல் ஒன்று இடையில் கரை தட்டுகிறது. இறங்கியவர்களில் சிலர் கல்லும் சிப்பியும் பூவும் பொறுக்குவதில் மயங்கிவிடுகிறார்கள். அவற்றைச் சுமந்து வந்தவர்களுக்குக் கப்பலில் இடம் நெருக்கடியாகிறது என்றொரு உவமையும் சொல்கிறார். அந்தக் கப்பல் ஸ்டோயிக் ஞானி எபிக்டீட்டஸிடமும் உண்டு. கிரேக்கச் சிந்தனையைக் கிந்தி மறைக்கவில்லை. வாங்கி, தௌஹீதின் சூழலில் வைத்துப் பேசினார்.

கிந்தியின் மாணவர் அபூ ஸைத் அல்-பல்கி. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) காலமான இவரைப் புவியியலாளர் என்றே பலர் அறிவார்கள். உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்களைப் பற்றி இவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலின் உள்ளம் பற்றிய பகுதியைச் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல்கியின் பட்டியலில் நான்கு உண்டு: கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ். ஸ்டோயிக் பட்டியலில் இருந்த களிப்பும் ஆசையும் இதில் இல்லை. ஏன்? இது வைத்தியக் கண்ணோடு போட்ட பட்டியல். நோவு தருவது மட்டும்தான் இதற்குள் வரும்.

துக்கத்தைப் பல்கி இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று காரணம் தெரிந்த துக்கம்: பிள்ளை மௌத்து, சொத்து இழப்பு போன்றவை. மற்றது காரணம் தெரியாத துக்கம்: ஆளைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. முதலாவதற்குப் பிறர் சொல்லும் ஆறுதலும், ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் எண்ணங்களும் மருந்து. வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருப்பது போல, மனம் சுகமாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார். இரண்டாவது, இரத்தத்தின் கேட்டினால் வருவது என்று தன் காலத்து வைத்திய மொழியில் சொல்லி, உடலுக்கும் சிகிச்சை வேண்டும் என்கிறார். இரத்தக் கொள்கை இன்றைக்குச் செல்லாது. ஆனால் பிரிப்பு செல்லும். பிழையான எண்ணத்தால்தான் துக்கம் வருகிறது என்ற கொள்கைக்கு, எண்ணமே இல்லாமல் வரும் துக்கம் பெரிய இடைஞ்சல். பல்கி அந்த நோயாளியைக் குற்றம் பிடிக்கவில்லை.

ஹிஜ்ரி 421இல் (கி.பி. 1030) காலமான மிஸ்கவைஹ், தமது 'தஹ்தீபுல் அக்லாக்' நூலின் இறுதிப் பகுதியில் கோபம், பயம், துக்கம் ஆகியவற்றுக்கு வைத்தியம் சொல்கிறார், மௌத்தைப் பற்றிய பயத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். துக்கத்துக்கு வரும்போது கிந்தியின் பெயரைச் சொல்லியே அவர் கருத்தை எடுத்தாள்கிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணவில்லை; கட்டமைப்பைக் காட்டினார். 'இஹ்யா'வில் தவ்பா, பயம், ஆதரவு போன்றவற்றை விளக்கும்போது இல்ம், ஹால், அமல் என்று மூன்று படி வைக்கிறார். அறிவு ஒரு நிலையைப் பிறப்பிக்கிறது. அந்த நிலை செயலைப் பிறப்பிக்கிறது. பாவத்தின் கேட்டை அறிந்தால் உள்ளத்தில் நதம் பிறக்கும். நதம் பிறந்தால் பாவத்தை விடுவான். கோபத்தையும் ஆசையையும் அடியோடு வெட்டிவிடச் சொல்லாமல், வேட்டைக்காரனின் நாயையும் குதிரையையும் போலப் பழக்கச் சொல்கிறார். நாயைக் கொன்றுவிட்டு வேட்டைக்குப் போக ஏலாதுதானே.

அந்த நதம் என்ற நிலைக்கு எங்கட பேச்சில் "கைசேதம்" என்ற சொல் இருக்கிறது. குர்ஆன் தமிழாக்கங்களிலும் ஆற்றாமையைக் குறிக்க அது வருகிறது. நான் தாளில் எழுதிய எந்தப் பட்டியலிலும் கைசேதத்துக்குத் தனி இடம் இல்லை. துக்கத்தின் கிளை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கஸ்ஸாலியின் கணக்கில் மனிதனைத் திருப்பிவிடும் சுழலச்சே அதுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். "எல்லாத்தையும் நாங்கதான் முதல்ல சொன்னோம்" என்ற பெருமைக்கு இந்த வரலாறு இடம் தராது. கிந்தி கிரேக்கரிடம் வாங்கினார். பல்கி கிந்தியிடம் படித்தார். மிஸ்கவைஹ் இருவகையிலும் கடன்பட்டவர். சங்கிலியில் ஒரு வளையம் காணாமல் போயிருக்கிறது என்பதைத்தான் காட்ட வேண்டும். வளையமே சங்கிலி என்று சொல்லத் தேவையில்லை.

தொலெதோவிலிருந்து பாரிஸுக்கு

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலெதோ நகரில் இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. உயிரை இயக்கும் ஆற்றலை அவர் ஷஹ்வத், கழப் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்: ஒன்று இன்பத்தை நாடுவது, மற்றது தீங்கை எதிர்ப்பது. வேர் பிளேட்டோவிடம் உண்டு; ஆனாலும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தப் பிரிப்பு போய்ச் சேர்ந்த வழிகளில் இப்னு சீனாவும் ஒன்று.

இதே பிரிப்பின் மேல்தான் அக்குவினாஸ் 11 மனவெழுச்சிகளை அடுக்கினார். முதல் பிரிவில் அன்பு, வெறுப்பு, ஆசை, விலகல், மகிழ்ச்சி, துக்கம் என்று ஆறு. தடை குறுக்கிடும்போது எழும் இரண்டாம் பிரிவில் நம்பிக்கை, நிராசை, துணிவு, பயம், கோபம் என்று ஐந்து. கோபத்துக்கு மட்டும் எதிர்ச்சோடி இல்லை.

துக்கத்தைப் பற்றி அவர் சொல்வது ஸ்டோயிக் கட்டத்தை நேரடியாக உடைக்கிறது. தீமை கண் முன்னால் நிற்கும்போது ஒருவன் துக்கப்படவில்லை என்றால், ஒன்றில் அவனுக்கு அது உணரவில்லை, இல்லாவிட்டால் அது தீமை என்று படவில்லை. ஆகவே துக்கம் நல்லதாகவும் இருக்கலாம். துக்கத்துக்கு அவர் சொன்ன மருந்துகளில் இன்பம், கண்ணீர், நண்பர்களின் அனுதாபம், உண்மையைச் சிந்தித்தல் ஆகியவற்றோடு நித்திரையும் குளிப்பும் இருக்கின்றன. பெரிய இறையியல் நூலுக்குள் இதை வாசித்தபோது, வீட்டில் மூத்தவர்கள் "கொஞ்சம் குளிச்சிட்டுப் படுங்க" என்று சொல்வது ஞாபகம் வந்தது.

இளவரசி கேட்ட கேள்வி

டேக்கார்ட் 1649இல் வெளியிட்ட 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' என்ற நூலுக்குக் காரணமாக இருந்தவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். தகப்பனின் அரசு பறிபோய், குடும்பம் ஹொலந்தில் அகதியாக இருந்த காலம். 1645இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல். அதற்குக் காரணம் துக்கமாக இருக்கலாம் என்று டேக்கார்ட் எழுதினார். பிறகு ஸ்டோயிக் ஞானி செனக்காவின் நூலொன்றை இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றார். இளவரசி லேசில் விடவில்லை. சில நோய்கள் சிந்திக்கும் ஆற்றலையே எடுத்துவிடுகின்றனவே, அப்படிப்பட்டவர் சிந்தனையால் எப்படிச் சுகமடைவார் என்று கேட்டார். உணர்ச்சிகளை வரையறுத்துத் தரும்படியும் கேட்டார்.

இளவரசியின் கேள்விக்கும் பல்கியின் இரண்டாம் வகைத் துக்கத்துக்கும் இடையில் 700 வருஷம். அவர் பல்கியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். இருவரும் பார்த்தது ஒரே இடைஞ்சலைத்தான்.

டேக்கார்ட்டின் ஆறு: வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துக்கம். வியப்பை முதலில் வைத்தார். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தெரியுமுன்னமே அது வந்துவிடுகிறதே. பயமும் கோபமும் அடிப்படை அல்ல, கிளைகள். உணர்ச்சிகள் இயல்பிலே நல்லவை, அளவு மீறுவதுதான் கூடாது என்பது அவர் முடிவு. ஸ்பினோசா இன்னும் சுருக்கினார். 1677இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'ஒழுக்கவியல்' நூலில் ஆசை, மகிழ்ச்சி, துக்கம் என்று மூன்றே மூன்று. இயங்கும் ஆற்றல் கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் துக்கம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு 48 உணர்ச்சிகளை வரையறுத்துக் காட்டினார். கட்டடம் கட்டுகிறவன் எத்தனை வகைக் கல் போதும் என்று பார்ப்பது போன்ற கணக்கு அது.

உள்ளேயிருந்து முகத்துக்கு

இதுவரை பார்த்தவர்கள் உள்ளத்துக்குள் நடப்பதை எண்ணினார்கள். வெளியே தெரிவதை எண்ணிய மரபும் உண்டு. அதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எங்கட மொழியிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக வெகுளி, உவகை ஈறாக எட்டைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்றால் மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவது. அதனால்தான் பட்டியலில் துக்கம் என்ற சொல் இல்லை, அழுகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் உண்டு. அழுகைக்குச் சொல்லப்படுபவை: பிறர் இழிவாக நடத்துவது, இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. நான்கில் மூன்று சமூகத்தில் மனிதனின் இடம் பற்றியவை.

முகத்தை விஞ்ஞானத்துக்குள் கொண்டுவந்தவர் டார்வின். மனிதரும் மிருகங்களும் மனவெழுச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றிய அவருடைய நூல் 1872இல் வந்தது. அதில் இலங்கையும் வருகிறது. இங்கு பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசையாமல் கிடந்து கண்ணீர் விட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருந்ததை டார்வின் எடுத்து ஆராய்கிறார். லண்டன் மிருகக்காட்சிச் சாலையின் யானைப் பராமரிப்பாளரிடமும் விசாரிக்கிறார். குட்டியைப் பிரித்தபோது கிழட்டுப் பெண் யானையின் முகத்தில் கண்ணீர் வழிந்ததைக் கண்டிருக்கிறேன் என்கிறார் அவர். ஸ்டோயிக்வாதிகள் பிழையான தீர்ப்பு என்று சொன்ன துக்கம், இங்கே தீர்ப்பே சொல்லத் தெரியாத பிராணிக்கும் வந்துவிட்டது.

1960களின் பிற்பகுதியில் எக்மன் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களோடு போனார். ஒரு சின்னக் கதை சொல்லி, அதற்கேற்ற முகத்தைத் தெரிவுசெய்யச் சொன்னார். துக்கத்துக்கான கதை பிள்ளை இறந்துவிட்டதைப் பற்றியது. கோபம், பயம், அருவருப்பு, மகிழ்ச்சி, துக்கம், ஆச்சரியம் என்ற ஆறு இந்த ஆய்வுகளால்தான் உலகப் புகழ் பெற்றது. அதே ஆய்வில் பயந்த முகத்தையும் ஆச்சரிய முகத்தையும் அந்த மக்கள் பிரித்துச் சொல்லவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மொழியின் பக்கத்திலிருந்தும் மறுப்பு வந்தது. மானிடவியலாளர் ரொபர்ட் லெவி 1973இல் வெளியிட்ட நூலில், தஹிட்டித் தீவு மக்களிடம் துக்கத்துக்கென்று தெளிவான சொல் இல்லை என்றும், இழப்புக்குள்ளானவர்கள் தங்கள் நிலையைக் களைப்பு, உடல் பாரம், சுகவீனம் என்று சொல்கிறார்கள் என்றும் காட்டினார்.

இந்தத் தர்க்கம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கட கரையோரத்துக்கும் வந்தது. வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் கொண்டுவந்த வினாக்கொத்துகள் வேறு நாட்டு நோயாளிகளை வைத்துத் தயாரிக்கப்பட்டவை. இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் கயத்ரி பெர்னாண்டோ இங்குள்ளவர்களின் சொந்தப் பேச்சிலிருந்து தொடங்கி ஆராய்ந்தார். உடல் வலியும், குடும்பத்திலும் ஊரிலும் தனக்கிருந்த இடம் போய்விட்டதும்தான் மக்களின் பேச்சில் முன்னுக்கு நின்றன. ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலின் ஓர் அத்தியாயம் இதைப் பேசுகிறது. தொல்காப்பியம் அழுகைக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்களை இதோடு வைத்துப் பார்த்தால், அந்தப் பழைய பட்டியல் இந்தக் கரைக்கு அதிகம் பொருந்துகிறது என்றே எனக்குப் படுகிறது.

மையத்து வீட்டில் எந்தப் பட்டியல் பேசுகிறது?

எண்ணிக்கை ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இப்போது விளங்கும். ஸ்டோயிக்வாதி எதைக் களைவது என்று கேட்டார். பல்கி எதைக் குணப்படுத்துவது என்று கேட்டார். கஸ்ஸாலி எதைப் பழக்குவது என்று கேட்டார். ஸ்பினோசா எத்தனை போதும் என்று கேட்டார். எக்மன் எந்த முகம் எல்லோருக்கும் விளங்கும் என்று கேட்டார். கேள்வி வேறு, விடை வேறு.

இது ஏட்டுச் சண்டை மட்டுமல்ல. மையத்து வீட்டில் தாயொருத்தியிடம் "அழாதீங்க, சபூர் செய்ங்க" என்று நாம் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எந்தக் கணக்கு இருக்கிறது? துக்கத்துக்கு நல்ல வடிவமே இல்லை என்ற ஸ்டோயிக் கட்டத்தைச் சபூர் என்ற பெயரில் சொல்லிவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் பிள்ளை இப்ராஹீமின் மரணப் படுக்கையருகே கண்ணீர் விட்டார்கள். நீங்களுமா என்று வியந்து கேட்ட தோழருக்கு, இது ரஹ்மத் என்றே விளக்கினார்கள். கண் அழுவதையும் உள்ளம் நோவதையும் அவர்கள் மறுக்கவில்லை. நாவுக்குத்தான் எல்லை வைத்தார்கள். சபூர் என்பது அந்த எல்லை. கண்ணீருக்குப் போட்ட பூட்டு அல்ல.

இன்னொரு ஆள் இருக்கிறார். அவருக்கு மௌத்து எதுவும் நடக்கவில்லை, சொத்தும் போகவில்லை; ஆனாலும் மாதக்கணக்காகக் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது. அவரிடம் போய் "உங்களுக்கு என்ன குறை? ஈமானைப் பலப்படுத்துங்க" என்று உபதேசம் செய்கிறவர்கள் எங்கட ஊர்களில் குறைவில்லை. அவரை வைத்தியரிடம் கூட்டிப்போவது மேற்கத்திய நாகரிகம் என்று யாராவது சொன்னால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் பல்கில் பிறந்த ஒரு முஸ்லிம் அறிஞர் அவருக்கென்று தனியொரு வகை பிரித்து, உடலுக்கும் மருந்து கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார் என்பதை அவருக்குச் சொல்லலாம்.